புதன்கிழமை டப்பா

"பொண்டாட்டி வாந்தி எடுத்துகினு கீறா. இவரு எவளுக்குடி டப்பா தூக்கிகினு போறாரு?"

கீமோ ஊசி போட்டுக்கொள்ளும் தங்கை புஷ்பாவுக்குத் துணையாக நூம்பலிலிருந்து பட்டாபிராம் வந்தவள் பேபி. வந்த வேலையை விட்டுவிட்டு, தங்கை புருஷனைத் துப்புத் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"மதியச் சோறா இருக்கும்க்கா."

"புதன்கிழமைக்கு மட்டுமா? அதுவும் விடிஞ்சதும் ரயிலு! நான் வச்ச வஞ்சிரக் கொழம்ப தொடல. வெளிய வயிறு ரொம்புது."

"ஆளு எளைச்சிட்டாரேக்கா."

"திருட்டுத்தனம் பண்ணா எளைக்காம? ரெண்டு வாய் குடிக்கிற உனக்கு ஒரு குண்டான் கஞ்சி காய்ச்சறாரே, அதெல்லாம் நடிப்புடி."

புஷ்பாவுக்கு ஊசியைவிட இது வலித்தது. இரவெல்லாம் அழுதாள்.

"அடுத்த ஊசிக்கு நான் போவலக்கா. யாருக்காகப் பொழைக்கணும்? உன் ஊட்டுக்கே வந்துர்றேன்."

பெட்டி கட்டியாகிவிட்டது.

புதன்கிழமை காலை. மஞ்சப்பையோடு கிளம்பிய தங்கை புருஷன் கஜபதியை வாசலில் மறித்தாள் பேபி.

"டப்பாவ காட்டு."

"யக்கா, வேணாம். சொன்னா கேளு."

"மடியில கனமில்லன்னா வழியில இன்னா பயம்?"

பிடுங்கினாள். மூடியைத் திருகினாள். அடுத்த நொடி வாயைப் பொத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். அந்த வீட்டில் புஷ்பாவைத் தவிர இன்னொருத்தி வாந்தி எடுத்தது அன்றுதான்.

கஜபதி கூச்சத்தோடு மூடியை இறுக்கினான்.

"ஆஸ்பத்திரிக்கு. இந்த ஊசி போட்டா சில பேருக்கு மட்டும் ஏன் இவ்ளோ கொமட்டுதுன்னு, வெளிக்கிப் போறதுல கீற வயித்துக் கிருமிய வச்சு ஆராய்ச்சி பண்றாங்க."

"என்னுதத்தான் அங்கயே குடுத்துட்டேனே?" என்றாள் புஷ்பா.

"இது என்னுது. ஒப்பிட்டுப் பாக்க, அதே ஊட்ல, நீ துன்றதையே துன்ற, நோவில்லாத ஆளு ஒண்ணு வேணுமாம். வாரத்துக்கு ஒருவாட்டி, எட்டு வாரம்."

"அப்போ அந்தக் குண்டான் கஞ்சி..."

"உன் ரெண்டு வாய் போக, மிச்சம் என்னுது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா, எனக்காக நீ ஏன் வயித்த காயப்போடறன்னு என்னை உட்டுருப்பியா?"

புஷ்பா உள்ளே போய்ப் பெட்டியைப் பிரித்து, துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கினாள்.

அன்று மதியம் பேபி வைத்த வஞ்சிரக் குழம்பு, பேபிக்கே இறங்கவில்லை.