வாளியில் நின்ற சவுக்கு

அன்று காலை வீட்டில் இருந்தவர்கள்: விதவை பிலோமினாள், கிறிஸ்துமஸுக்கு வந்து அவள் கட்டிலைப் பிடித்துக்கொண்ட கொழுந்தன் சவரிமுத்து, கிறிஸ்துமஸ் மரமாக வாளி மணலில் நின்ற சவுக்கு. கிறிஸ்துமஸ் மரம் வாடி, அதை எடுக்கும்வரை விருந்தாளியைப் போகச் சொல்லக்கூடாது என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். அதனால் சவரிமுத்து தினமும் அதற்குத் தண்ணீர் ஊற்றினான். அவள் சமையலறைத் தரையில் படுத்தாள். ஒன்றரை மாதம் ஓடி, தவக்காலமே நெருங்கிவிட்டது.

பிலோமினாள் அரிவாளால் மரத்தைத் துண்டு போட்டாள்.

“மதினி, இன்னும் பச்சையாத்தான இருக்கு!”

“பச்சையா இருந்தாத்தான்யா சீக்கிரம் மக்கும்.”

துண்டுகளை உரக்குழியில் தள்ளிச் சாணியைக் கரைத்து ஊற்றினாள். சவரிமுத்து குழியையே பார்த்து நின்றான். பிறகு பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினான்.

“அடுத்த வருசம் பிளாஸ்டிக் மரம் வாங்கிட்டு வாரேன், மதினி.”

பிலோமினாள் கதவைச் சாத்திப் பூட்டினாள்.