மூன்றாம் மாடி ஒயர்

மேஜைக்கு அடியில் தலையை விட்டிருந்த, கம்பெனியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சிஸ்டம்காரர், மூன்றாம் மாடி அக்காவின் கால்களை மனசுக்குள் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார். பவர் ஒயர் இன்றைக்கும் பிளக்கிலிருந்து கழன்று கிடந்தது.

“கால் பட்டுடுச்சு போல தம்பி,” என்றாள் அக்கா. நேற்றும் இதையேதான் சொன்னாள். நேற்று கழன்றது மவுஸ் ஒயர், அதற்கு முன்னால் நெட்வொர்க் ஒயர்.

படியேறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தவருக்கு, இவள் ஒருத்தியாலேயே தன் வேலை போய்விடும் என்று அழுகையே வரும்போல் இருந்தது.

பயத்தில் நியாயம் இருந்தது. கம்பெனியில் புதிதாக ஒரு மென்பொருள் போட்டிருந்தார்கள். தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே எல்லா மாடிக் கம்ப்யூட்டரையும் திறந்து பார்க்கலாம், பழுது நீக்கலாம். அது வந்த கையோடு, கூட வேலை பார்த்த இரண்டு பேரை மேனேஜர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மிஞ்சியது இவர்தான், வீட்டில் சம்பாதிப்பதும் இவர் ஒருவர்தான்.

“ஆள் நேர்ல போய்ப் பாக்குறதுதான் நமக்குச் செலவு. அதைக் குறைங்க,” என்று மேனேஜர் சொன்னதைச் சிஸ்டம்காரர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். மற்ற மாடிகள் சத்தம் காட்டவில்லை. மூன்றாம் மாடியில், அதுவும் மேனேஜர் அறை வாசலை ஒட்டியே உட்கார்ந்திருக்கும் இந்த அக்கா மட்டும் நாள் தவறாமல் கூப்பிட்டாள். மேனேஜர் கண்ணெதிரே கருவிப் பையோடு வந்து நிற்பது அவருக்கு மானம் போகிற காரியமாக இருந்தது.

அன்று பொறுமை எல்லை தாண்டிவிட்டது.

“ஏன்க்கா, என் பொழப்புல மண்ணள்ளிப் போடணும்னே கூப்பிடுறீங்களா?”

அக்காவின் முகம் சுருங்கிப்போனது. ஏதோ சொல்ல வாயெடுத்தவள், அறைக்கதவு திறந்திருப்பதைப் பார்த்து மென்று விழுங்கிவிட்டாள். ஆள் குள்ளம். நாற்காலியில் உட்கார்ந்தால் தரையில் கால் படாது. ஒரு சின்ன முக்காலிமேல்தான் வைத்திருப்பாள். பிளக்கோ கோடியில், சுவரோரம் இருந்தது.

மறுநாள் சிஸ்டம்காரர் யாரும் கூப்பிடாமலே வந்தார். அக்காவின் கம்ப்யூட்டரை ஓர் இரும்புக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டினார். ஒயர்களை ஒன்றாகச் சேர்த்து இறுக்கிக் கட்டினார். பிளக்கின்மேல் பெட்டி போட்டு மூடித் திருகாணிகளை முடுக்கினார்.

“இனி யானையே வந்து மிதிச்சாலும் கழலாதுக்கா.”

அக்கா கையைப் பிசைந்தாள். இவ்வளவு எதுக்கு, பழையபடியே இருக்கட்டும் என்று கெஞ்சிக்கூடப் பார்த்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதன் பிறகு மூன்றாம் மாடியிலிருந்து ஒரு அழைப்புகூட இல்லை. சிஸ்டம்காரர் வெகு நாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டார், தூங்கினார். மேனேஜர் இந்த முறை தட்டிக்கொடுக்கத்தான் போகிறார் என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டார்.

மாதக் கடைசியில் மேனேஜர் கூப்பிட்டார். தோளில் தட்டியும் கொடுத்தார்.

“மத்ததெல்லாம் தலைமை அலுவலகத்துலேர்ந்தே பாத்துடறாங்க. தினம் இந்த மாடிக்கு நேர்ல ஒரு ஆள் தேவைப்பட்டுச்சு, அதுக்காகத்தான் உங்களை வச்சிருந்தோம். இப்ப அதுவும் இல்லாம பண்ணிட்டீங்க. சாவியையெல்லாம் வெளியில அக்காகிட்ட குடுத்துட்டுப் போங்க.”

வெளியே வந்தவர் நேராக அக்காவின் மேஜைக்குப் போனார். சாவிக்கொத்தை நீட்டியபோதுதான், அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பதைக் கவனித்தார். அவள் மேஜைமேல் முனை வளைந்த கத்தரிக்கோல் ஒன்று கிடந்தது. கூண்டின் பூட்டைச் சுற்றிலும் கீறல்கள்.

சாவியை வாங்கிக்கொண்ட அக்கா, அறைக்கதவை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“இப்படிப் பூட்டிட்டுப் போயிட்டா, நான் எதைப் பிடுங்கிட்டு உங்களைக் கூப்பிடுறது தம்பி?”