மூன்றாவது குளோபல்

ரெக்ஸ்டேலில் ட்ரக்குகள் நிறுத்தும் யார்டில் சாய்வெயில், கைமாறி வந்த நீல ட்ரக்கின் கதவில் விழுகிறது. பதினொரு வருட வேலையை விட்டு, வீட்டை ஈடு வைத்து, சொந்தப் பெயரில் சரக்கு ஏற்றி ஓடும் அனுமதியோடு நிற்கிறார் குலேந்திரன். 'குலேந்திரன் குளோபல்' நிறுவனத்தின் மொத்தப் படையும் இந்த ஒரு ட்ரக்தான், சாரதியும் தலைவரேதான். ஸ்ரிக்கர் ஒட்டும் சிவநேசன் பிளாஸ்டிக் அட்டையால் எழுத்துகளின் காற்றுக் குமிழிகளை வழிக்கிறார். "தலைவர் எண்டதை இன்னும் பெரிசாய்ப் போட்டிருக்கலாம், என்ன?" என்கிறார் குலேந்திரன். "கதவு காணாதண்ணை." வெயில் சரியச் சரிய, புது எழுத்துகளுக்குக் கீழே உரித்தெடுத்த பழைய எழுத்துகளின் தடம் தெளிகிறது: 'ஞானகரன் குளோபல்'. அதற்கும் கீழே, இன்னும் மங்கலாக, வேறொரு குளோபல். குலேந்திரன் விரலால் தடவிப் பார்க்கிறார். "உதுகளை ஆர் ஒட்டினது?" "நான்தானண்ணை." அட்டை கிறீச்சிடுகிறது. "உரிச்சதும் நான்தான்." சிவநேசன் கைகளைத் துடைத்துவிட்டுத் தன் விசிட்டிங் கார்டை நீட்டுகிறார். "பத்திரமா வைச்சிருங்கோ."