பெட்டியை எங்கே ஒளித்தார்கள்?

"படகுல எத்தனை பேரு வந்தாங்க? எப்ப வந்தாங்க? பெட்டிய எங்க ஒளிச்சாங்க?"

மகள் பிளாரன்ஸ் அடுத்த அறையில் சத்தம் போட்டுக் கேட்டதும், மனுவேல் வாய்க்குக் கொண்டுபோன சோற்றைத் தட்டிலேயே போட்டான். கீழவைப்பாரில் அவனைப் பார்த்து இப்படிக் கேட்க ஒருவனுக்கும் தைரியம் கிடையாது.

"ஏளா, யாரு ஒன்ன இதெல்லாம் கேக்கச் சொன்னது?"

"டியூஷன் சார்தாம்ப்பா. கேள்வி இங்கிலீஷ்ல இருக்கு. நான் அர்த்தம் சொல்லிப் பாக்கேன். நாளைக்குப் பதில் எழுதிட்டுப் போணும்."

மனுவேல் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினான். செவ்வாய்க்கிழமை இலங்கையிலிருந்து வந்த கைக்கடிகாரப் பெட்டிகள் இன்னும் கைமாறவில்லை. எழுபத்து நாலாம் வருஷம் அது. கரையெல்லாம் கஸ்டம்ஸ் கெடுபிடி. மோப்பம் பிடித்தார்களானால் கம்பி எண்ண வேண்டியதுதான்.

"வேற என்ன கேட்டாரு ஒங்க சாரு?"

"அப்பா என்ன வேலை பாக்காரு, எப்ப கடலுக்குப் போவாரு, எப்ப வருவாருன்னு கேட்டாரு. 'என் தந்தை'ன்னு ஒரு பாரா எழுதணும்லா, அதுக்கு."

சரிதான், இந்த வாத்தியார் கஸ்டம்ஸ் ஆள்தான் என்று நினைத்தான் மனுவேல். நாசரேத்துக்காரர் என்று சொல்லிக்கொண்டு நாலு மாசத்துக்கு முன்புதான் இந்த ஜெபசிங் தூத்துக்குடியில் வீடு பிடித்திருந்தார். வாத்தியாருக்கு எதற்குப் போலீஸ்காரர் மீசை என்று மகளைச் சேர்க்கப் போன அன்றே உறுத்தியது. உறுத்தியதைச் சும்மா விட்டது அவன் மடத்தனம்.

"இனி டியூஷனும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்."

அடுப்படியிலிருந்து மனைவி மெட்டில்டா கரண்டியோடு வந்துவிட்டாள். "பிள்ளை எஸ்.எஸ்.எல்.சி.யில ரெண்டு தடவ இங்கிலீஷ்ல கோட்ட விட்டுட்டா. இந்தத் தடவையும் போச்சுன்னா நர்ஸ் படிப்பு அம்புட்டுதான். சந்தேகம்னா நேர்ல போயி அந்த மனுஷன்ட்டயே கேளுங்களேன்!"

மறுநாள் மகளோடு பஸ் ஏறினான்.

ஜெபசிங் வீட்டு முன்னறையில் ஒரே பெஞ்சு. வேட்டி சட்டை போட்ட நடுவயதுக்காரர் ஒருவர், நோட்டை விரித்து வைத்துக்கொண்டு பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார். பிளாரன்ஸ் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மனுவேல் சுவரெல்லாம் கண்ணால் துழாவினான். காக்கிச் சட்டையோ தொப்பியோ தொங்கவில்லை. காலண்டரும் குடையும்தான் இருந்தன.

"சார், மூடி மறைக்காமச் சொல்லுங்க. படகு, பெட்டின்னு எம் மகட்ட எதுக்குக் கேக்கீங்க?"

ஜெபசிங் வாய்விட்டுச் சிரித்தார். அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார். "இந்தப் பாராவைப் படிச்சுட்டு, கீழ உள்ள கேள்விக்குப் பதில் எழுதணும். பரீட்சைக்கு வரும். கதை இங்கிலாந்துல நடக்கு, நூறு வருஷம் முந்தி. கள்ளக்கடத்தல்காரங்க மூணு பேரு படகுல வந்து, பெட்டிய மணல்ல புதைக்காங்க."

"அப்படியாளா போட்டிருக்கு?"

"ஆமாப்பா. படம்கூட இருக்கு பாருங்க."

மனுவேலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு நல்ல மனுஷனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது. அந்த வெட்கத்தை மறைக்கப் படத்தை உற்றுப் பார்த்தவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன கதை சார் இது! மணல்லயா புதைப்பான்? ஒரு பெரிய அலை ஏறுனா அம்புட்டும் வெளிய வந்துரும்லா!"

"அப்ப எங்க வைப்பாங்க?" ஜெபசிங்குக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ரெண்டு பேரும் கவனிங்க. புத்தகத்த மூடிட்டு, இவரு சொல்லுதத வச்சு ஒரு பாரா எழுதுங்க."

"எங்கூர்ப் பனங்காட்டுக்குள்ள ஒரு பாழுங்கெணறு கெடக்கு. பெட்டிய அதுல எறக்கி, மேல கிழிஞ்ச வலையப் போட்டு மூடிட்டா எந்தக் கொம்பன் கண்டுபிடிப்பான்? சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லுதேன்."

"படகு எப்ப வரும்?"

"இலங்கையிலருந்து வரணும்னா கெழக்கருந்து அடிக்க கொண்டல் காத்து வேணும் சார். செவ்வாக்கெழம விடியக்காலம் அடிச்சுதே, அந்த மாதிரி."

"அப்பா..." என்றாள் பிளாரன்ஸ்.

"ஏளா, பெரியவங்க பேசும்போது குறுக்க வராத."

அவள் எழுதவில்லை. பக்கத்திலிருந்தவர் நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதுவதைப் பார்க்க மனுவேலுக்குப் பாவமாக இருந்தது. "இந்த வயசுல ஒங்களுக்கு என்ன பரீட்சை அண்ணாச்சி?"

"அத ஏன் கேக்கீங்க அண்ணாச்சி, இங்கிலீஷ் எழுத வரமாட்டேங்கு. எனக்குப் பின்னால வேலைக்குச் சேந்தவனெல்லாம் மேல போயிட்டான்."

"எழுதுங்க, எழுதுங்க. கடல்ல என்ன சந்தேகம்னாலும் என்னக் கேளுங்க."

"அந்தக் கெணறு பனங்காட்டுக்கு மேற்கயா, கெழக்கயா?"

"அப்பா!" என்றாள் பிளாரன்ஸ் மறுபடியும்.

"சும்மா இரிளா. மேற்கதான் அண்ணாச்சி, ஒத்தையடிப் பாதையை ஒட்டி."

எழுதி முடித்த நோட்டை ஜெபசிங் வாங்கிப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்தது. "எப்ப, எங்க, எப்படி, எதையும் விடல! நாலு மாசமா நான் தலைகீழா நின்னு தண்ணி குடிச்சேன், இன்னைக்குத்தான் பலன் கெடைச்சிருக்கு."

தான் சொன்ன கதை இங்கிலீஷில் ஏறிவிட்டதில் மனுவேலுக்குப் பெருமை தாங்கவில்லை. "நல்லா வந்திருக்கா சார்?"

"பிரமாதம்!" என்ற ஜெபசிங் நோட்டை உரியவரிடம் நீட்டினார். "பால்துரை, ஒரு எழுத்தும் மாத்த வேண்டாம். இப்படியே ரிப்போர்ட்டா டைப் அடிச்சு ஒங்க கஸ்டம்ஸ் ஆபீஸ்ல குடுங்க, இந்தத் தடவ புரமோஷன் நிச்சயம்."

பால்துரை எழுந்து வந்து மனுவேலின் கையை நன்றியோடு பற்றிக்கொண்டார்; பற்றியவர் விடவேயில்லை.