கயிறு கேட்ட சாமி

இற்றுப்போன கயிறு அறுந்து, தூத்துக்குடி துறைமுகத்தில் உப்பு மூட்டைகள் அவள் புருஷன் தலையில் விழுந்தன. ஆள் அங்கேயே போய்விட்டான். மறுநாளே காண்ட்ராக்டர் காசிலிங்கம் அதே கயிற்றை முடிச்சுப் போட்டு மூட்டை தூக்க வைத்தார்.

நியாயம் கேட்கப் போனாள்.

"அத்தக்கூலிக்கு எவனெவனோ வாரான், போறான். உன் புருசன் எவன்னு எனக்கென்னளா தெரியும்?"



வெள்ளிக்கிழமை காலையில் தலையை விரித்துப்போட்டு, நெற்றி நிறையத் திருநீற்றோடு அவர் முன்னால் வந்து ஆடினாள்.

"ஏலே காசிலிங்கம், உன் கயித்துல செத்தவன் வந்திருக்கேன்லே. இத்துப்போன கயித்தையெல்லாம் இப்பமே எரி. இனி எவன் மேலயாவது மூட்டை விழுந்துச்சு, உன் வீட்டு வாசல்ல வந்து நிப்பேன்."

அப்படிச் செத்தவன் சாமியாக வந்தால் குடும்பத்தையே விடமாட்டான் என்று நம்பி வளர்ந்தவர் காசிலிங்கம். அவரே தீ வைத்தார். கூலியாட்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

இப்போதெல்லாம் புதுக்கயிறுதான். தினமும் காலையில் அவரே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மூட்டையில் மாட்டவிடுகிறார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமையே அவள் வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு சர்ச்சுக்குப் போனாள்.

செத்தவன் பேரை ஒரு தடவை கேட்டிருந்தால், ஜேசுபாதம் பொண்டாட்டி கிரேசிக்குச் சாமி வராது என்று காசிலிங்கத்துக்கும் தெரிந்திருக்கும்.