முதல் அவசர லோடு

புது வேன் ஒன்று அவசரச் சரக்குக்கு ஓட ஆரம்பித்த முதல் நாள். அதன் பெரிய வயிற்றுக்குள் ஒரே ஒரு சின்னப் பெட்டியை வைத்துக் கதவைச் சாத்தினார்கள். வேனுக்கு மானமே போய்விட்டது.

பக்கத்தில் நின்ற லாரி சிரித்தது. "இதுக்கா தம்பி இவ்வளவு பெரிய உடம்பு? என்கிட்ட இருக்கிற வெங்காய மூட்டை நாலை ஏத்திக்க. போற வழியில சந்தையில இறக்கிடு."

"குடுங்கண்ணே" என்றது வேன்.

"வேண்டாம்" என்றது பெட்டி. "நான் குளிர் அறை மிஷினோட பாகம். நான் போய்ச் சேரலன்னா அங்க இருக்கிற மீன் பூரா அழுகிடும்."

வேன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

சந்தைக்குள் நுழைந்ததும் முன்னால் ஒரு தக்காளி வண்டி, பின்னால் ஒரு ஆட்டோ. ஒரு மணி நேரம் அசைய முடியவில்லை. "அங்க ஐஸ் கரைஞ்சுட்டிருக்கும்" என்றது பெட்டி. வேனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

மூட்டைகளை இறக்கிவிட்டு விழுந்தடித்துக்கொண்டு ஓடியது வேன். அது போய் நின்றபோது, குளிர் அறையில் கடைசி ஐஸ் கட்டி கரைந்துகொண்டிருந்தது. பெட்டியைப் பிரித்துப் பாகத்தை மாட்டினார்கள். மிஷின் இரண்டு தடவை இருமியது, அப்புறம் சீராக ஓடியது. ஒரு மீனும் கெடவில்லை. வாசலில் நின்ற வேனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

மறுநாள் வேனுக்குள் இன்னொரு சின்னப் பெட்டி.

"நாலு மூட்டை ஏத்திக்கிறியா தம்பி?" என்று கேட்டது லாரி.

வேன் கதவை இறுக்கிச் சாத்திக்கொண்டது.

"உள்ள இடமே இல்லண்ணே."