அறிமுகம் இல்லாதவர்

தேர்தல் விருந்துக் குலுக்கலின் முதல் பரிசைத் தனி மேசையில், சிவப்புத் துணி விரித்து நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒரு சாண் நீளக் கறுப்புக் குழாய். துப்பாக்கி முனையில் திருகி, வெடிச் சத்தத்தை அடக்கும் சைலன்சர்.

கம்பெனிச் சரக்கு. வரிசை எண் பொறித்தது. குலுக்கலில் ஜெயிப்பவருக்கு மத்திய அரசின் அனுமதித் தாள்களைக் கம்பெனியே வாங்கிக் கொடுத்துவிடுமாம்.

வெல்டா பிட்னர் தட்டிலிருந்த வறுத்த கோழியைத் தொடவில்லை. அதே மாதிரி ஒன்றை அனுமதியில்லாமல் தன் கொட்டகையில் கடைந்து எடுத்ததற்காகத்தான் அவள் கணவன் ஆர்லின் பதினான்கு மாதம் சிறையில் இருந்துவிட்டு வந்தான்.

ஆர்லின் யாரையும் கொல்லப் புறப்பட்டவன் இல்லை. முப்பது வருடம் அறுவடை இயந்திரங்களைப் பழுது பார்த்ததில் காது கெட்டுப்போனவன். கன்றுக்குட்டிகளைத் தேடி வரும் நரிகளைச் சுட்டுவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிடுவான்.

அந்தச் சமயத்தில்தான் சட்டமன்ற உறுப்பினர் டெரல் ஸ்லேட்டன் ஒரு சட்டத்தை நிறைவேற்றிக்கொண்டு வந்தான். நம் மாநிலத்தில் செய்து, நம் மாநிலத்துக்குள்ளேயே வைத்திருக்கும் சைலன்சரை மத்திய அரசு தொட முடியாது என்பது அந்தச் சட்டம். கோதுமைக் கூட்டுறவுச் சங்கத்தின் இதே மண்டபத்தில், இதே மேடையில் நின்று அந்தத் தாளை ஆட்டிக் காட்டினான்.

"உங்க கொட்டகை, உங்க இரும்பு, உங்க கை. எவன் வந்து கேக்கறான்னு பாத்துடலாம்!"

மத்திய அரசு வந்து கேட்டது. காலைச் சாப்பாட்டு நேரத்தில், ஆறு பேர், கதவைப் பெயர்த்துக்கொண்டு.

மாநிலச் சட்டத்தை நம்பிச் செய்தேன் என்று ஆர்லின் சொன்னதை நீதிபதி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது டெரல் மேலவைக்கு நிற்கிறான். மைக்கைப் பிடித்துக்கொண்டு நரம்பு புடைக்கக் கத்தினான்.

"வாஷிங்டன்காரன் பண்ற அக்கிரமத்தைப் பாக்கணுமா? என் பழைய சிநேகிதனைப் பாருங்க! ஏறி வாப்பா, ஆர்லின்!"

ஆர்லின் எழுந்தான்.

மேடைக்கு நேர்வழி பரிசு மேசையை ஒட்டிப் போகிறது. தண்டனை பெற்றவனின் விரல் அந்தக் குழாயில் பட்டாலே மறுபடி உள்ளே தள்ளிவிடுவார்கள். அதனால் கைகளைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, சுவரோரமாக, காபிக் குடுவைகளைச் சுற்றிக்கொண்டு போனான். யாரோ சிரித்தார்கள்.

இருநூறு பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். டெரல் அவன் தோளில் கை போட்டுக்கொண்டான். இந்த மாதத்தில் அவனை இப்படி மேடையேற்றிய நாலாவது ஊர் இது.

வெல்டா கோழித் தட்டைத் தள்ளி வைத்தாள். கைப்பையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்தாள்.

வழக்கு நடந்தபோது வக்கீல் டெரலுக்கு எழுதியிருந்தார். 'வீட்டில் செய்துகொள்ளலாம் என்று மேடையில் சொன்னது நான்தான்' என்று நீங்கள் கோர்ட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னால் தண்டனை குறையும் என்று. அதற்கு வந்த பதில்தான் அது. வக்கீல் அதை வெல்டாவிடம் கொடுத்தார். மூன்றே வரி.

"தனிநபர் எவருக்கும் நான் சட்ட ஆலோசனை கூறியதில்லை. அச்சட்டம் முறையான உற்பத்தியாளர்களுக்கானது. திரு. ஆர்லின் பிட்னர் எனக்கு அறிமுகம் இல்லாதவர்."

டெரலின் அறுவடை இயந்திரத்தை ஏழு கோடைகள் ஓட வைத்தவன் ஆர்லின்.

படித்தால் ஆர்லின் நொறுங்கிவிடுவான் என்று வெல்டா அதை மேசைவிரிப்புகளுக்கு அடியில் மூன்று வருடம் ஒளித்து வைத்திருந்தாள். இன்று போதும் என்று தோன்றிவிட்டது.

அவள் நேர்வழியிலேயே போனாள். பரிசு மேசையை இடித்துக்கொண்டு மேடையேறி, கடிதத்தை டெரலின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதை நீயே படிக்கிறியா, நான் படிக்கட்டுமா?"

டெரலின் சிரிப்பு உதட்டிலேயே காய்ந்தது. கைதட்டல் ஒவ்வொரு வரிசையாக ஓய்ந்தது.

"வெல்டா, இது இப்ப வேணாமே..."

"பின்ன எப்ப? நீ ஜெயிச்சதுக்கப்புறம் இவன் உனக்கு மறுபடி அறிமுகமே இல்லாதவனாப் போயிடுவானே!"

அவள் மைக்கைப் பறிக்கக் கை நீட்டினாள். அதற்குள் ஒரு தடித்த உள்ளங்கை மைக்கைப் பொத்தியது. ஆர்லினின் கை.

அவன் அவள் காதருகே குனிந்தான்.

"மடிச்சு வை, வெல்டா. அந்த மூணாவது வரி எனக்கு மனப்பாடம்."

நீட்டிய கையை அவள் இழுத்துக்கொண்டாள்.

"எப்பலேருந்து?"

"ஜெயிலுக்குப் போறதுக்கு முந்தின வாரத்துலேருந்து."

"தெரிஞ்சுமா இந்த நாய் பக்கத்துல நிக்கற?"

ஆர்லின் கூட்டத்தைப் பார்த்தான். எதிரே அந்த இருநூறு பேர் இன்னும் உட்காராமல் அவனுக்காக நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஊர்த் தீயணைப்புப் படையில சேத்துக்கல. ஓட்டுப் போட விடல. பேங்க்ல நிமுந்து பாக்க மாட்டேங்கறான். இந்த மேடையில மட்டுந்தான் என்னை யாரும் குத்தவாளின்னு சொல்லல."

அவன் கையை எடுத்தான். மைக் உயிர் பெற்று இரைந்தது.

"பாத்தீங்களா, குடும்பமே எப்படிக் கொதிச்சுப் போயிருக்கு!" என்றான் டெரல். அவளுக்கும் சேர்த்துக் கைதட்டச் சொன்னான். தட்டினார்கள்.

அடுத்த சனிக்கிழமை எந்த ஊர் என்று அவன் அறிவித்தபோது, ஆர்லின் தலையாட்டினான்.